அடித்துப் போட்ட பதினொரு வரிகள்

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறீர்களா? என் காலில் இடிக்கிறது. என்ன, அப்பளமா? நீங்களே போட்டதா? அப்படியானால் மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நொறுங்கிப் போனால், பக்கத்தில் உட்கார்ந்த அம்மா கால் பட்டுத்தான் நொறுங்கியது என்பீர்கள். இப்போதெல்லாம் எங்கே எது நொறுங்கினாலும் என் பேர்தான் அடிபடுகிறது.

சேலத்தில் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டேன், பைபாஸில் போகிற வண்டியா என்று. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி ஏற்றிக்கொண்டான். இப்போது கேட்டால் சங்ககிரிக்குள் போவானாம், குமாரபாளையத்துக்குள் போவானாம், பவானிக்குள் போவானாம். மூன்று மணிக்கு நான் கோயம்புத்தூரில் ஓர் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்கு நான் போனதே கிடையாது, சொந்த நாத்தனார் வீடானாலும் சரி. இன்றைக்குப் போகிறேன்.

நீங்கள் பவானியா? அப்படியென்றால் நேரம் இருக்கிறது. தூங்கப் போகிறீர்களா? தூங்குங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. தூங்குவதற்கு முன்னால் இதை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இது என் சமையல் நோட்டு. புரட்டுங்கள், எந்தப் பக்கம் வேண்டுமானாலும். ரசப்பொடி, வத்தக்குழம்பு, கேக்கு, எல்லாம் இருக்கிறது. எழுத்து எப்படி? அச்சடித்த மாதிரி இருக்கிறதல்லவா? எங்கேயாவது ஓர் அடித்தல், ஒரு திருத்தல், ஒரு மசிக்கறை? இருக்காது. கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் சொல்வார், அடித்தல் என்பது சட்டையில் சோறு ஒட்டிக்கொண்டு வெளியே வருகிற மாதிரி என்று. நான் ஒட்டிக்கொண்டு வந்ததே இல்லை.

இப்படிச் சுத்தமாக எழுதினது குற்றம் என்று சொல்ல ஐந்து பேர் கொண்ட ஒரு கமிட்டி இன்றைக்குக் கூடுகிறது. சுத்தமாக எழுதினது. சிரிக்காதீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எங்கள் வீட்டுக்காரர் தணிகாசலம், இன்ஜினியரிங் காலேஜில் கெமிஸ்ட்ரி புரொபசர். மற்ற புரொபசர்களெல்லாம் என்ன செய்கிறார்கள்? பாடம் நடத்துகிறார்கள், பேப்பர் திருத்துகிறார்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி குடிக்கிறார்கள். இவர் ஆறு வருஷமாகத் திப்பியைக் கட்டிக்கொண்டு அழுகிறார். திப்பி தெரியுமா? ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஃபேக்டரிகள் இருக்கின்றனவே, மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்து ஜவ்வரிசி செய்கிற இடம். பாலெடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கைதான் திப்பி. மாட்டுக்குப் போடுவார்கள். மீதி அழுகி, அந்த ரோட்டில் பஸ் போகும்போதே ஜன்னலைச் சாத்தவேண்டியிருக்கும். அந்தப் புளிச்ச நாற்றம் ஆறு வருஷமாக என் வீட்டுக்குள் இருக்கிறது. மனுஷன் குளித்துவிட்டு வந்தாலும் கூடவே வருகிறது.

அந்தச் சக்கையைக் காயவைத்து, நிலக்கடலைத் தோலை அரைத்துக் கலந்து, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு வரும். தெர்மாகோல் தட்டுக்குப் பதில். மண்ணில் போட்டால் மக்கிவிடும், மாடு தின்றாலும் ஒன்றும் ஆகாது. குப்பையைக் கொண்டு குப்பையை ஒழிப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் மிக்ஸியில் கடலைத் தோலை அரைத்தபோது மட்டும் நன்றாக இல்லை. இட்லிப் பாத்திரத்தில் திப்பியை வேகவைத்தபோதும் நன்றாக இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு என்ன பண்ணினார் தெரியுமா? வாசலில் ஒரு மத்தாப்புக் கொளுத்த முடியவில்லை, அப்படி ஒரு மழை. அவர் தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். முந்தின நாள் போட்ட புதுத் தட்டிலேதான் சாப்பாடு என்று பிடிவாதம். சாதம் வைத்தேன், சாம்பார் ஊற்றினேன், தாக்குப்பிடித்தது. ரசம் ஊற்றினதும் தட்டு அப்படியே கொழகொழவென்று தளர்ந்து, ரசம் முழுக்க மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில். அவர் எழுந்து நின்று, 'மச்சான் கண்டுபிடிப்பு ரொம்ப சூடா இருக்கு' என்றார். அதை இன்னும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே மாதிரித் தட்டு பொங்கலுக்கு நல்ல பிள்ளை மாதிரி நின்றது. கொதிக்கக் கொதிக்க சர்க்கரைப் பொங்கலை வைத்தேன். அசையவில்லை. அச்சு மிஷினில் ஹீட்டர் கோளாறு, மார்கழி கடைசியில் சரிபண்ணிவிட்டேன், இனிமேல் பிரச்சினை இல்லை என்று பூரித்துப் போனார். எனக்கென்ன தெரியும்? தீபாவளிக்கு மானத்தை வாங்கிவிட்டுப் பொங்கலுக்கு ஒழுங்காக நடந்துகொள்கிற பிராணியை நான் அவர் தங்கையைத் தவிர வேறு பார்த்ததில்லை.

இந்தத் தட்டு எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று தினமும் பார்த்து ஒரு நோட்டில் எழுதவேண்டும். அதற்கு ஒரு பெண், நவநீதா. அவரிடம் பிஎச்.டி. பண்ணுகிறாள். ஆத்தூருக்கு அந்தப் பக்கம் ஊர். அப்பா அம்மா இரண்டு பேரும் சேகோ களத்தில் ஜவ்வரிசி காயப்போடுகிறவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் இவள்தான். அதனால் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் வீட்டுக்கு வந்தால் குட்மார்னிங் சொல்வதற்கு முன்னால் வானத்தை ஒரு தடவை பார்ப்பாள். களத்துப் பழக்கம் ஆன்ட்டி என்பாள். சரி, பார்த்துவிட்டுப் போகட்டும். அதைக் கொண்டுபோய் நோட்டில் எழுதலாமா? ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், தட்டு நம்பர், கனம், நிமிஷம் எல்லாம் எழுதின பிறகு, வெயில், மேகம், மழை என்று பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். கெமிஸ்ட்ரி ரெக்கார்டா, ஆகாசவாணியா?

இவர் கையெழுத்தோ, கோழி கிண்டின மாதிரி. நோட்டு முழுக்கத் திப்பிக் கரைசல் சிந்திச் சிந்திப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுநடுவில் அடித்தல். அடிப்பதைக்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியாது. உள்ளே இருக்கிறது படிக்கிற மாதிரியே மெல்லிசாக ஒரே ஒரு கோடு.

சங்ககிரி வந்துவிட்டதா? பார்த்தீர்களா, உள்ளே திருப்புகிறான். ஒருத்தர் ஏற ஒருத்தர் இறங்க இத்தனை சுற்று.

போன வருஷம் மாசிக் கடைசியில் இவருக்குச் சிக்குன்குனியா. ஒவ்வொரு மூட்டும் தனித்தனியாக வலிக்கிறது என்று படுத்துவிட்டார். திட்டத்துக்குப் பணம் கொடுக்கிற ஆபீஸுக்கு மார்ச் முடிவதற்குள் ரிப்போர்ட் அனுப்பியாகவேண்டும். அனுப்பாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள், அந்தப் பெண் படிப்பும் நடுவில் நிற்கும். அவர் படுத்துக்கொண்டே அந்த நோட்டைப் பார்த்து, 'இதை எப்படி வத்சலா ஒருத்தர் கையில கொடுக்கிறது?' என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானாகத்தான் எடுத்தேன். நானாகத்தான்.

நீளமான நோட்டு ஒன்று வாங்கினேன், கெட்டி அட்டை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். நூற்று நாற்பத்து மூன்று தட்டுகள். ஸ்கூலில் ஃபேர் ரெக்கார்ட் எழுதுகிற முறை ஒன்று உண்டு. முதலில் வாய்விட்டுச் சொல்லவேண்டும், பிறகு எழுதவேண்டும், பிறகு விரல் வைத்துச் சரிபார்க்கவேண்டும். அப்படியேதான் செய்தேன். மூன்று வாரம். ரெண்டு தடவை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஒரு நாள் குழம்புக்கு உப்புப் போடவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், எனக்கே சாயங்காலம்தான் தெரிந்தது. எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும்போது, ஒரு தட்டு ஏன் நாற்பது நிமிஷம், இன்னொன்று ஏன் நாற்பத்தாறு, அதில் கடலைத்தோல் கூடவா என்று மேலே கீழே பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். வேலைக்காரி வந்து மணியடிப்பதுகூடக் கேட்காது. ப்ளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் நான் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பி.எஸ்ஸி. முதல் வருஷம் பாதியில் பெண் பார்க்க வந்தார்கள், அதாவது, இவர் என்னைப் பார்க்க வந்தார். அது கிடக்கட்டும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடித்திருந்த வரிகள் பதினொன்று. அடித்ததை யாராவது ஃபேர் நோட்டில் எழுதுவார்களா? விட்டேன். ஓரத்தில் இருந்த வெயிலையும் மழையையும் விட்டேன். வேலை முடிந்ததும் பழைய நோட்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய், மக்கும் குப்பைக்கென்று வைத்திருக்கிற பச்சைத் தொட்டியில் போட்டேன். காகிதம்தானே, அதுவும் திப்பியில் ஊறின காகிதம். மக்கும் குப்பை எது மக்காத குப்பை எது என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

அவர் எழுந்து உட்கார்ந்ததும் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். 'பழசு எங்க?' என்று கேட்டார். சொன்னேன். குப்பை வண்டி எப்போது வந்தது என்று கேட்டார். முந்தாநாள் என்றேன். நவநீதாதான் மெதுவாக, 'ஆன்ட்டி, ஓரத்துல எழுதியிருந்தது?' என்றாள். ரெக்கார்டில் யாராவது வானிலை எழுதுவார்களா என்று ஒரு கேள்வி கேட்டேன்.

ரிப்போர்ட்டுக்கு நாலு நாள்தான் இருந்தது. இருந்ததை வைத்து அனுப்பினார். ஒரு தட்டு விடாமல் நாற்பது நிமிஷத்துக்குக் குறையாமல் தாங்கியிருக்கிறது என்று மேலிடத்தில் ஒரே பாராட்டு. நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த நோட்டைப் பார்த்துத்தான் பாராட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் சனியன் ஆரம்பித்தது. இன்னொரு லேபும் இதே மாதிரி செய்து பார்க்கவேண்டும் என்பது விதியாம். கோயம்புத்தூர்ப் பக்கத்து லேப் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். இவர் என்ன பண்ணினார்? மிஷினையே தூக்கி அவர்களிடம் அனுப்பிவிட்டார், அதிலேயே செய்யட்டும் என்று. கர்ணப் பிரபு. அவர்களோ ஐப்பசியில் லாரி கொண்டுவந்து ஆத்தூரில் ஐந்து மூட்டை திப்பி ஏற்றினார்கள். கொட்டுகிற மழையில் தார்ப்பாய் கிழிந்த லாரி. நவநீதா அப்பாதான் தன் வீட்டுத் தார்ப்பாயைக் கொடுத்து அனுப்பினாராம். போய் முப்பது தட்டு போட்டார்கள். முப்பதும் பத்து நிமிஷத்துக்குள் கூழ்.

உடனே கடிதம். அசல் நோட்டை அனுப்பு. அனுப்பினோம். என் நோட்டைத்தான் அனுப்பினோம். அதைப் பார்த்துவிட்டு என்ன எழுதினார்கள் தெரியுமா? எட்டு மாத வேலை, ஒரே பேனா, ஒரே மை, ஒரே கை, ஒரு கறை இல்லை, ஓர் அடித்தல் இல்லை, தோல்வி என்று ஒன்றுகூட இல்லை. ஆகையால் இது லேபில் எழுதியதல்ல, உட்கார்ந்து ஜோடித்தது. ஜோடித்தது என்று எழுதினார்கள் அம்மா. ஸ்கூலில் மூன்று வருஷம் தொடர்ந்து ரெக்கார்டுக்குப் பரிசு வாங்கினவள் நான்.

இன்றைக்கு மூன்று மணிக்குத் தீர்ப்பு. ஜோடித்தது என்று முடிவானால் இவர் இனிமேல் எந்த ஆராய்ச்சியும் செய்ய முடியாது, காலேஜிலும் வைத்துக்கொள்வார்களா தெரியாது. அந்தப் பெண் பதிவை ரத்து பண்ணிவிடுவார்கள். நாலு வருஷம். திரும்பக் களத்துக்குப் போய் ஜவ்வரிசி அள்ளவேண்டியதுதான்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். இன்றைக்குக் காலையில், அவரும் நவநீதாவும் ரயிலுக்குப் போன பிறகு, மேஜைமேல் ஒரு காகிதம் கிடந்தது. கமிட்டிக்கு எழுதின கடிதத்தின் நகல். கோழிக் கிண்டல்தான், இருந்தாலும் இருபத்தெட்டு வருஷமாகப் படிக்கிறேனே. என்ன எழுதியிருக்கிறார்? நோட்டை நானே திருப்பி எழுதினேன். அசலை நானே தொலைத்தேன். மாணவிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. வேறு யாருக்கும் இல்லை.

வேறு யாருக்கும் இல்லையாம். நீங்களே சொல்லுங்கள். இந்த எழுத்தைப் பார்த்தீர்கள். இதைத் தன்னுடைய கையெழுத்து என்று சொல்லிக்கொள்ள அந்த மனுஷனுக்கு எவ்வளவு துணிச்சல் இருக்கவேண்டும்? அவரை ஒரு வரி எழுதச் சொன்னால் போயிற்றே. பொய் சொன்னால் பொருத்தமாகச் சொல்லவேண்டாமா? இவரை யார் கேட்டார்கள் என் பழியை எடுத்துச் சுமக்கச் சொல்லி? ஒரு வருஷமாக ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன், ஆறியிருக்கும். திட்டாமலே இருந்து ஆளைக் கொல்கிறார்.

அதனால்தான் போகிறேன். இந்தச் சமையல் நோட்டை அவர்கள் மேஜைமேல் வைத்து, எழுதினது நான், இதோ என் எழுத்து, உள்ளது உள்ளபடி எழுதினேன் என்று சொல்லப்போகிறேன். ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. அது சத்தியம். எங்கே வேண்டுமானாலும் கையடித்துச் சொல்வேன். அடித்ததைப் பற்றி நான் எதற்குப் பேசவேண்டும்? அடித்தது அவர். நான் விட்டேன். பதினொரு தோல்வியைக் கொண்டுபோய் நானே அவர்கள் கையில் கொடுத்தால், பார்த்தீர்களா, மறைத்திருக்கிறார்கள் என்பார்கள். அது இன்னும் கெடுதல். இல்லையா?

என்ன? என்ன கேட்டீர்கள்? அந்தப் பதினொன்றில் என்ன எழுதியிருந்ததென்றா? உங்களுக்கு எதற்கு அது? பவானியில் இறங்கி அப்பளம் போடப்போகிறீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். வாய்விட்டுப் படித்தவளுக்கு மறக்குமா? எழுதும்போதுதான் விட்டேன், படிக்கும்போது எல்லாம் படித்தேன், அதுதான் முறை. பத்தொன்பதாம் நம்பர், பதினோரு நிமிஷம். அது ஆவணியில். அப்புறம் முப்பத்தெட்டு, ஒன்பது நிமிஷம். நாற்பத்திரண்டு, ஆறு நிமிஷம். நாற்பத்து மூன்று, ஆறரை. ஐம்பத்தொன்று, எட்டு. அடித்துவிட்டுப் பக்கத்தில் ஹீட்டர், ஹீட்டர் என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தார்.

ஓரத்திலா? அது நவநீதா எழுதினது, அதற்கு அர்த்தமே இல்லை என்றுதான் சொன்னேனே. பத்தொன்பது, மழை. முப்பத்தெட்டு, மழை. நாற்பத்திரண்டு, மழை. நாற்பத்து மூன்று, மழை. ஐம்பத்தொன்று,

இருங்கள்.

ஐம்பத்தொன்று, மழை. ஐம்பத்தேழு, மழை. அறுபத்து நாலு, அதற்கு மழை என்று எழுதி அடியில் கோடு வேறு போட்டிருந்தாள்.

அடிக்காத வரியில் எங்கேயாவது மழை இருந்ததா? இல்லை. வெயில், வெயில், மேகம், வெயில். இருந்ததாக ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லையென்றால் இல்லை.

நீங்கள் என்ன சொன்னீர்கள், திரும்பச் சொல்லுங்கள். மழை நாளில் போட்ட அப்பளம் எண்ணெய் குடிக்கும். காய்ந்த மாதிரித்தான் கைக்குத் தெரியும், ஆனால் காற்றிலே இருக்கிற ஈரத்தைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். நீங்கள் மழைக்கு அப்பளமே போடமாட்டீர்களா? அடை மழையென்றால் அன்றைக்கு எல்லாருக்கும் லீவா? இதை எங்கே படித்தீர்கள்? படிக்கவில்லை, சரி.

அப்படியானால் ஹீட்டர்? மார்கழி கடைசியில் ஹீட்டரை மாற்றினார். மார்கழியில் மழையும் நின்றுவிட்டது. தீபாவளி ரசம். ஐப்பசி லாரி. அந்தப் பெண் தார்ப்பாயைப் பற்றி வந்து சொன்னாளே, என் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டுதான் சொன்னாள், நான் காலை மிதியடியில் துடைத்துக்கொண்டு வா என்றேன். ஈரம் பார்க்கிற கருவி ஒன்று வேண்டும் என்று இவர் ரெண்டு தடவை எழுதிக் கேட்டார், வரவில்லை. கையால் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்பார். அவர் கைக்கு என்ன தெரியும்?

கொஞ்சம் பேசாமல் இருங்கள். நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேனா? சரி, நானும் பேசாமல் இருக்கிறேன்.

நான் ஒருத்திதான் எல்லா வரியையும் வரிசையாகப் படித்தவள். அவரவர் அன்றன்றைக்கு எழுதினதோடு சரி. நவநீதா ஓரத்தை எழுதினாள், இவர் நடுவில் அடித்தார். ரெண்டையும் சேர்த்து மூன்று வாரம் வாய்விட்டுப் படித்தது நான். படித்துவிட்டுத் துடைத்து வைத்தேன்.

அந்த லேப்காரர்கள் தப்பாகச் செய்யவில்லை. இவரும் ஜோடிக்கவில்லை. மழையில் செய்தால் கூழ், வெயிலில் செய்தால் தட்டு. அவ்வளவுதானே விஷயம். அது அந்தப் பதினொரு வரியில்தான் இருந்தது. மீதி நூற்று முப்பத்திரண்டிலும் ஒன்றுமே இல்லை.

பேனா இருக்கிறதா? என்னிடம் இருக்கிறது, கைப்பையைப் பிடியுங்கள். இந்த நோட்டில் கடைசிப் பக்கம் காலியாகத்தான் இருக்கும். மாவடுவுக்கென்று விட்டு வைத்திருந்தேன், போகட்டும். பத்தொன்பது. பதினோரு நிமிஷம். மழை. இந்த டிரைவருக்குக் குழியைத் தவிர வேறு வழி தெரியாதா? பாருங்கள், மழை என்று எழுதினால் அந்த ழை எங்கேயோ போய் நிற்கிறது. பரவாயில்லை. கோணலாக இருந்தால்தானே அவர்களுக்கு நம்பிக்கை வரும். முப்பத்தெட்டு. நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்றுக்கு ஆறு என்று எழுதிவிட்டேன், ஆறரை. அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுகிறேன். ஒரே கோடுதான், உள்ளே தெரியட்டும்.

ஏழுதான் வருகிறது. மீதி நாலு நம்பரும் வரவில்லை. மழை என்பது ஞாபகம் இருக்கிறது, எண் வரவில்லை. ஒன்று எழுபதில் ஆரம்பிக்கும். எழுபத்திரண்டா, எழுபத்தைந்தா? எழுபத்தைந்து என்று போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? போடமாட்டேன். போட்டால் அதுதான் ஜோடிப்பது. காலியாக விடுகிறேன். நாலு வரி, நாலும் காலி. பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நம்புவார்களா என்று கேட்காதீர்கள். ஞாபகத்திலிருந்து எழுதினது, அதுவும் பஸ்ஸில். நம்பவேண்டாம். மிஷின் அவர்களிடம்தான் இருக்கிறது. ரெண்டு மூட்டை திப்பி வாங்கி, ஒன்றை இந்த வெயிலில் வைத்துச் செய்யட்டும், இன்னொன்றை ராத்திரி முழுக்க ஈரக் கோணி போர்த்திவைத்துச் செய்யட்டும். அதற்கு என் எழுத்து எதற்கு?

ஆனால் முதலில் நான் சொல்லவேண்டும், பதினொரு வரி இருந்தது, நான்தான் விட்டேன் என்று. ஐந்து பேர் முன்னால். அவர் முன்னால், அந்தப் பெண் முன்னால். உள்ளது உள்ளபடி எழுதினேன் என்று சேலத்திலிருந்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். அது இப்போது உதவாது. சொல்கிறேன். வேறு யார் சொல்வது? அவருக்கு வாய் கிடையாது. இவ்வளவுக்கும், அந்த நோட்டை முதலிலேயே சுத்தமாக எழுதியிருந்தால் நான் ஏன் தொடப்போகிறேன்? அதையும் சொல்லத்தான் போகிறேன்.

ஆறு தெரிகிறது. எழுந்திருங்கள், கூட்டம் வாசலை அடைப்பதற்குள் இறங்கப் பாருங்கள். பையை நிமிர்த்திப் பிடியுங்கள், நான் கடைசி வரை காலை மடக்கியே வைத்திருந்தேன், நொறுங்கியிருந்தால் அது என் கணக்கில் வராது. இருங்கள், உங்கள் பேர் என்ன? மழை நாள் அப்பளத்தைப் பற்றி யார் சொன்னது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன், பஸ்ஸில் ஒருத்தி என்றா? ரெக்கார்டு என்றால் யார் சொன்னது என்று இருக்கவேண்டும். பழனாத்தாள். துணைக்கால் இருக்கிறதல்லவா? சரி. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

இறங்குங்கள், விசில் கொடுக்கிறான். ஒரு நிமிஷம், கதவுப் பக்கம் போனதும் வெளியே பார்த்துச் சொல்லுங்கள், இங்கே கண்ணாடியில் அழுக்கு. மேகமா, வெயிலா?

வெயில். போட்டுக்கொண்டேன்.